கூலியா? கொடையா?

முடி வெட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்ததும் கேட்ட கூலியைக் கொடுக்கிறோம். அதோடு தீர்ந்ததா? மேற்கொண்டு பத்தோ இருபதோ கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் அது கூலியில் சேருமா, ஹதியாவில் சேருமா, ஸதகாவில் சேருமா? மாதந்தோறும் ஒவ்வொரு வீட்டாருக்கும் நேரும் காரியம் இது. ஆயினும் இதில் ஷரீஅத் என்ன சொல்கிறது என்று யோசிப்பவர் நம்மில் குறைவு. சிலர் பெருமைக்காகக் கொடுக்கிறார்கள். சிலர் கொடுக்காமல் வந்துவிட்டு ஏதோ குற்றம் செய்தவர்போல் கூசுகிறார்கள். இரு சாராருக்கும் விளக்கம் தேவை.

முதலில் கூலி

முடி திருத்துபவர் நமக்குச் செய்யும் ஊழியத்துக்கு மார்க்கச் சட்டத்தில் ‘இஜாரா’ என்று பெயர். இஜாராவில் கூலி இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் பொது விதி. கடையில் விலைப் பலகை தொங்கினால் சிக்கலில்லை. ஆனால் நோயாளிக்கும் முதியவருக்கும் அவரை வீட்டுக்கே அழைக்கிறோம். குழந்தை பிறந்த ஏழாம் நாள் தலைமுடி இறக்க அழைக்கிறோம். அப்போது கூலி பேசுவதில்லை. “பார்த்துக் கொடுங்கள்” என்கிறார் அவர். “பார்த்துச் செய்கிறோம்” என்கிறோம் நாம்.

இதைப் போன்ற ஒரு மஸ்அலாவை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ கிதாபில் பேசுகிறார்கள். ஒருவர் தையற்காரரிடம் துணி கொடுத்து, கூலி எதுவும் சொல்லாமல் தைத்து வாங்கினால் கூலி உண்டா? சொல்லாததால் கூலி இல்லை என்பதை முதலில் கூறுகிறார்கள். அவர் அதே தொழிலைச் செய்பவர் என்று அறியப்பட்டவராயின் கூலி உண்டு என்ற மற்றொரு சொல்லையும் எடுத்துக் காட்டி, இது நல்லதெனக் கொள்ளப்படலாம் என்கிறார்கள். சட்டத்தில் சந்து பார்த்து ஒரு தொழிலாளியின் உழைப்பை இலவசமாகப் பெறுவது முஃமினுக்கு அழகன்று. ஆகவே முதலிலேயே பேசிவிடுவதே பேணுதல். பேசாமல் விட்டால், அந்த ஊரில் அந்த வேலைக்கு வழங்கும் கூலியில் ஒரு காசும் குறையக் கூடாது.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் மக்காவில் ஹஜ்ஜின்போது தலைமுடி களைய ஒருவரிடம் சென்று, எவ்வளவு என்று கேட்டார்கள். இபாதத்தில் பேரம் பேசுவதில்லை, உட்காரும், இயன்றதைக் கொடும் என்றார் அவர். கிப்லாவை நோக்கி அமர்வதையும், வலப்புறத்தை முதலில் காட்டுவதையும், தக்பீர் சொல்வதையும், முடிந்தபின் இரண்டு ரக்அத் தொழுவதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். இவற்றை எங்கே கற்றீர் என்று கேட்டபோது, அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் செய்யக் கண்டேன் என்றார். இப்னு கல்லிகான் (ரஹ்) தமது வரலாற்று நூலில் எழுதியுள்ள சம்பவம் இது. அவ்வளவு பெரிய இமாம், முடி எடுப்பவரிடம் பாடம் கற்றதைச் சொல்ல வெட்கப்படவில்லை. இதில் நமக்கு இன்னொரு படிப்பினையும் உண்டு. ‘இயன்றதைக் கொடும்’ என்று நம் மனச்சாட்சியிடம் விட்டவருக்குக் குறைத்துக் கொடுப்பது மிகவும் கேவலமான செயல். பேரம் பேசியவர் கேட்டு வாங்கிக் கொள்வார். நம்பியவர் வாய் திறக்க மாட்டார்.

வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதாடுவதாக அல்லாஹ் தஆலா அறிவிக்கின்றான் என்பது புகாரி ஷரீஃபில் வந்துள்ளது. அந்த வழக்கில் நமக்காகப் பேச எவர் இருப்பார்?

கூலிக்கு மேல்

கூலி முழுதாகத் தீர்ந்த பிறகுதான் மேற்காசு என்ற பேச்சு எழும். நாயகம் (ஸல்) அவர்கள் இதிலும் நமக்கு வழி காட்டியிருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒட்டகம் வாங்கியபோது, விலையை நிறுத்துக் கொடுத்து மேலும் கூட்டிக் கொடுக்கும்படி பிலால் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அபூ தைபா (ரலி) என்ற அடிமை அவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்தபோது ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கச் செய்தார்கள். அத்தோடு நில்லாமல் அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் நாள்தோறும் கட்ட வேண்டியிருந்த தொகையையும் குறைக்கச் சொன்னார்கள். கையில் கூலியைக் கொடுத்ததோடு அவருடைய தோளில் இருந்த சுமை என்னவென்றும் பார்த்தார்கள். இதுதான் இஹ்ஸான்.

ஆகவே கூலி கடமை, மேற்காசு இஹ்ஸான். கொடுக்காதவர் குற்றவாளியல்லர். கொடுப்பவருக்கு நன்மை உண்டு. ஆனால் அதற்குச் சில ஒழுங்குகள் இருக்கின்றன.

ஒன்று, கூலியில் இருபதைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, எழும்போது பத்தை ‘வைத்துக்கொள்’ என்று நீட்டுவது கொடையாகாது. அவருடைய பணத்தில் பாதியை அவருக்கே தர்மம் செய்வதாகும். வேலைக்கு ஈடாகக் கொடுத்ததை ஜகாத்தில் கணக்கு எழுதுவதும் கூடாது.

இரண்டு, மேற்காசால் முறையை வாங்கக் கூடாது. பெருநாள் இரவில் கடை நிரம்பி வழிகிறது. நோட்டு ஒன்றைக் கையில் அழுத்திவிட்டு, காத்திருப்பவர்களைத் தாண்டி ஒருவர் நாற்காலியில் அமர்கிறார். அது அன்பளிப்பன்று, பிறர் உரிமைக்குக் கொடுத்த விலை. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்தபோது, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துக் கேட்டார்கள். அவசரமிருந்தால் காத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். விட்டுக் கொடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது.

மூன்று, அது உழைத்த கைக்கே சேர வேண்டும். கைபேசியில் பணம் அனுப்பும் இக்காலத்தில், கூலியோடு சேர்த்து அனுப்பும் மேற்காசு முதலாளியின் கணக்குக்கே போய்விடலாம். ஊழியருக்கென்று கொடுப்பதை அவர் கையில் ரொக்கமாகக் கொடுப்பது நலம். அவருக்கென்று கொடுத்ததை முதலாளி எடுத்துக்கொள்வது ஹலாலாகாது.

நான்கு, சொல்லிக் காட்டக் கூடாது. தர்மத்தைத் தொடர்ந்து நோவினை வருமானால், அதைவிட இனிய சொல்லே மேல் என்று ஸூரத்துல் பகரா போதிக்கின்றது. தந்தை வயதுடையவரை ‘வாடா, போடா’ என்று அழைத்துவிட்டு நூறு ரூபாய் கொடுப்பதைவிட, ‘அண்ணே, நன்றி’ என்று சொல்லிக் கூலியை மட்டும் கொடுப்பது சிறந்தது.

இத்தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மனம் ஒப்பிக் கொடுக்காத பொருள் எவருக்கும் ஆகுமானதன்று. பலர் முன்னிலையில் தலையைச் சொறிந்து நின்று, வெட்கத்தால் ஒருவரைக் கொடுக்க வைப்பதும் அதில் சேரும். கொடுக்காதவர் மறுமுறை வரும்போது கத்தரி அவசரப்படுவதும் அமானிதத்துக்கு மோசமே.

காசால் தீராதது

இரத்தம் குத்தி எடுப்பவரின் சம்பாத்தியத்தை இழிவாகக் கூறும் ஹதீஸ் உண்டே என்று சிலர் கேட்பார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதற்கு விடை கூறிவிட்டார்கள். அது ஹராமாக இருந்திருந்தால் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் கூலியைக் கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம். சம்பாத்தியத்தைப் பற்றிய அந்தச் சொல், ஹராம் என்ற பொருளில் வந்ததன்று என்பதே பெரும்பாலான உலமாக்களின் முடிவு. அதை வைத்துத் தொழிலாளியை இழிவுபடுத்த எவருக்கும் உரிமையில்லை.

அதற்கு ஆதாரம் வேண்டுமானால் அபூ ஹிந்த் (ரலி) அவர்களைப் பாருங்கள். பனூ பயாளா கூட்டத்தாரைச் சார்ந்திருந்த அவர் இரத்தம் குத்தி எடுப்பவர். நாயகம் (ஸல்) அவர்களின் உச்சந்தலையில் குத்தி எடுத்தவர். அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று அக்கூட்டத்தாருக்கே நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக அபூ தாவூதில் காண்கிறோம். பேரீச்சம்பழத்தால் கூலியைத் தீர்த்த நபி (ஸல்) அவர்கள், மதிப்பை உறவால் கொடுக்கச் சொன்னார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? ‘ஒஸ்தா’ என்று சில ஊர்களில் அழைக்கப்படும் இவர்கள்தாம் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளுக்குக் கத்னா செய்தார்கள். கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்பவருக்குக் கைநிறையப் பணம் கொடுக்கிறோம், வேட்டி கொடுக்கிறோம். பகலில் பந்தி விரிகிறது, நால்வர் சேர்ந்து ஒரே ஸஹனில் அமர்கிறோம். அந்த நால்வரில் அவரும் ஒருவராக இருக்கிறாரா? பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நின்றவர், சோற்றுத் தட்டில் மட்டும் ஏன் தள்ளி நிற்க வேண்டும்? கொடுத்த பணம் அவரைத் தள்ளி வைப்பதற்கான விலையாகிவிட்டால், அதில் நன்மையை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

கூலியைக் குறைவின்றிக் கொடுப்போம். இயன்றால் மேலும் கொடுப்போம். இரண்டுக்கும் மேலாக, சகோதரருக்குரிய இடத்தைக் கொடுப்போம். அதற்கு அல்லாஹ் தஆலா நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.