எண்ணுக்குப் பொறுப்பு யார்?

விமானிகளின் ஈ6பி என்ற கைக்கணிப்பான் 1930-களில் பிலிப் டால்டன் உருவாக்கியது. மின்கலம் வேண்டாத அந்தச் சுழல் வட்டில் 1.5, 15, 150 மூன்றுக்கும் ஒரே கோடுதான். மணிக்கு 8 கேலன் எரிந்தால் இரண்டரை மணி நேரத்துக்குத் தேவை 20 கேலனா, 200-ஆ என்று வட்டு சொல்லாது. விமானியே முடிவுசெய்ய வேண்டும். விடைக்குப் பொறுப்பேற்பவரே அதை அறிந்தவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

1983-இல் ஏர் கனடா 143 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் இறங்கியதே, அங்கே கையால்தானே கணக்கிட்டார்கள் என்று சிலர் மறுப்பார்கள். உண்மைதான். ஆனால் தவறு பெருக்கலில் இல்லை. கிலோவுக்கான இடத்தில் பவுண்டு எண் புகுந்தது. தவறான அலகை மின்கருவியும் கேள்வியின்றி ஏற்கும். எண்ணின் பொருளை நிறுத்திக் கேட்கும் பழக்கம் அங்கே தவறியது. அந்தப் பழக்கத்தைக் கட்டாயமாக்கும் இந்த வட்டைப் பயிற்சிப் பள்ளிகள் கைவிடக் கூடாது.