நடந்த கணக்கும் உண்ட கணக்கும்

உழைத்தவன் உண்ணலாம் என்பது உலகம் ஒப்பிய நியாயம். ஆனால், உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் உழைக்கும்போது, அந்த உழைப்பையே காரணம் காட்டிக் கூடுதலாக உண்பது நியாயம் ஆகுமா? இவ்வினா அண்மையில் எங்கள் இல்லத்திலேயே எழுந்தது.

என் தங்கை மகன் சென்னையில் கணினித் துறையில் பணிபுரிபவன். எடை 80 கிலோவை எட்டிவிட்டமையால், மருத்துவர் சொற்படி நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறான். மணிக்கட்டில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டியிருக்கிறான். அது நாடித் துடிப்பையும் கை அசைவையும் கொண்டு, செலவான கலோரியைக் கணித்துக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. கைப்பேசியோ அத்தொகையை அன்றைய உணவு அளவோடு கூட்டி, இன்னும் இவ்வளவு உண்ணலாம் என்று அனுமதி வழங்குகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த அன்று, இலையில் நான்காவது வடையை வைத்துக்கொண்டு, "மாமா, இன்று நடந்து சம்பாதித்தது 410 கலோரி. இது என் வரவிலிருந்துதான்" என்றான். தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆயினும் "சம்பாதித்தது" என்ற அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

முதலில் கணக்கையே பார்ப்போம். 80 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 280 கலோரி செலவாகும். அதிலும் சுமார் 80 கலோரி, அவர் நாற்காலியில் வாளா அமர்ந்திருந்தாலும் செலவாகக் கூடியதே. ஆக, நடையினால் மட்டும் வந்தது 200 தான். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017ஆம் ஆண்டு இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். பெரும்பாலானவை நாடித் துடிப்பைச் சரியாகவே காட்டின. கலோரிக் கணக்கிலோ, உள்ளவற்றில் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைபட்டது. அன்றியும், நாளுக்கு இவ்வளவு உண்ணலாம் என்று முதலில் வகுத்த அளவிலேயே நடைப்பயிற்சியும் சேர்ந்திருக்குமானால், மீண்டும் அதனைக் கூட்டுவது ஒரே வரவை இருமுறை பேரேட்டில் எழுதுவதற்கு ஒப்பாகும். வணிகம் செய்த குடும்பத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கணக்குப் பிழை என்பதோடு இது முடிந்துவிடுமானால் நம் இதழில் எழுதவேண்டிய தேவை இல்லை. கருவி துல்லியமாகவே கணித்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வினா எஞ்சி நிற்கிறது. நான் செய்த ஒரு நற்செயல், அதற்கு மாறான செயலைச் செய்ய எனக்கு உரிமை தருகிறதா?

நம் ஆகமங்கள் விரதியானவன் நீக்கவேண்டிய சல்லியங்கள் மூன்று என்கின்றன. மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்பன அவை. நிதானம் என்பதை ஈண்டுப் பொறுமை என்று பொருள் கொள்ளலாகாது. நோன்புக்கு விலையாக இன்ப நுகர்ச்சியை வேண்டி நிற்றலே நிதானம். சல்லியம் என்றால் முள். தைத்த முள் வெளியே தெரியாது, நடக்கும்போதுதான் வலிக்கும்.

விசுவநந்தி முனிவரின் வரலாற்றை ஸ்ரீபுராணம் படித்தோர் அறிவர். அருந்தவத்தால் உடல் மெலிந்த அவர் மதுரா நகரில் ஆகாரத்திற்குச் சென்றபோது பசு ஒன்று முட்டிக் கீழே தள்ளியது. பழம்பகைவனான விசாகநந்தி அதனைக் கண்டு, உன் பழைய வலிமை எங்கே என்று நகைத்தான். முனிவர் சினந்தார். தம் தவத்தின் பயனாக அவனை வெல்லும் ஆற்றல் வேண்டும் என்று நிதானம் செய்துகொண்டார். வேண்டியது கிடைத்தது. பிற்பிறவியில் திவிட்டனாகத் தோன்றிப் பகையை வென்றார். அதன்பின் நரகமும் எய்தினார். அவ்வுயிரே பல பிறவிகளுக்குப் பின் மகாவீரராயிற்று என்பதை எண்ணும்போது, ஒரு நொடியில் செய்த பேரம் எத்தனை நெடிய வழியைச் சுற்ற வைத்தது என்று வியக்கிறோம்.

நான்கு வடைக்கு இத்தனை பெரிய சான்றா என்று சிலர் கேட்கலாம். எடை குறைக்க நடப்பது தவம் அன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனத்தின் போக்கு ஒன்றே. நடக்கும்போதே பலகாரத்தை எண்ணுபவனுக்கு நடை என்பது வடையின் விலையாகிவிடுகிறது. நிர்ஜரை என்பது உதிர்த்தல், சேமிப்பு அன்று. உதிர்ந்ததை மீண்டும் பொறுக்கி எடுக்க யாரும் மரத்தை உலுக்குவதில்லை.

இதனால் உழைத்தவன் பட்டினி கிடக்கவேண்டும் என்று கூறுவதாக எவரும் கொள்ளற்க. புறத்தவம் ஆறனுள் அவமோதரியம் ஒன்று. நிறைவான உணவு ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் என வைத்து, அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அஃது அவமோதரியமே என்றனர். வயிற்றில் சிறிது இடம் விடச் சொன்னார்களே ஒழிய வயிற்றை வதைக்கச் சொல்லவில்லை. வந்தவாசிப் பக்கத்து நம் உழவர் பெருமக்கள் நாள் முழுதும் வயலில் நின்றுவிட்டுப் பொழுது சாயுமுன் வயிறார உண்கின்றனர். அவர்களிடம் கேட்பது பசி. அது கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கும், கருவுற்ற மகளிர்க்கும், நோயால் மெலிந்தோர்க்கும் இதுவே முறை. என் மருமகனிடம் கேட்டது பசியன்று, எண். பசிக்காத வேளையிலும் எண் "உண்" என்றது. இதற்கு மாறாக, பசித்த வேளையிலும் எண்ணைப் பார்த்து உணவை ஒதுக்கி உடலைக் கெடுத்துக்கொள்ளும் இளம்பெண்களும் உளர். இரண்டிலும் ஆள்வது கருவியே.

அவனுக்கு உபதேசம் செய்ய வாயெடுத்தபோது என் நிலை நினைவுக்கு வந்தது. சதுர்த்தசி தோறும் நான் உபவாசம் இருப்பவன். அன்று மாலையே மறுநாள் பாரணைக்கு என்ன செய்யலாம் என்று இல்லாளிடம் கேட்பதும் நானே. நெய் சற்றுத் தாராளமாக விழட்டும், நேற்று ஒன்றும் உண்ணவில்லையே என்று எத்தனை முறை கூறியிருக்கிறேன்! என் மணிக்கட்டில் கருவி இல்லை என்பதே எங்களுக்குள் வேறுபாடு. ஆகவே உபதேசத்தை விடுத்து இதனையே அவனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, அந்தக் கூட்டல் கணக்கை மட்டும் நிறுத்தி வைக்க வழியிருக்கிறது" என்று கூறி, கைப்பேசியில் ஏதோ செய்தான். கருவியைக் கழற்றவில்லை, நடையையும் விடவில்லை.

அடுத்த பாரணையன்று நெய்க்கிண்ணத்தை அடுக்களையிலேயே வைத்துவிடச் சொன்னேன். இல்லாள் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதேனும் முடியவில்லையா என்று கேட்டாள்.