பழி வேறு, பொறுப்பு வேறு

ஒரு மாத்திரை நல்ல மனிதரைச் சூதாட வைக்குமா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எங்கள் பெரியப்பா விஷயத்தில் நடந்தது அதுதான்.

நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர், சீட்டுக்கட்டைக்கூடத் தொடாதவர். பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கியது. மருந்து சாப்பிட்டதும் நடுக்கம் குறைந்து நடை சீரானது. சில மாதங்களில், குலுக்கல் நாள் ஒன்றையும் விடாமல் நம்பர் எடுக்க ஆரம்பித்தார். பெரியம்மாவுக்குத் தெரியாமலே ஈ.பி.எப். பணம் கரைந்தது. "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு"ன்னாங்க சொந்தக்காரங்க. "எல்லாம் கர்மா" என்றார் ஒருவர்.

1817-இல் இந்த நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இதில் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றார். இன்று தெரிவது வேறு. மனச்சோர்வும் பதற்றமும் வரலாம். இல்லாத உருவங்கள்கூடக் கண்ணில் தெரியலாம். மருந்தாலும் மனம் மாறலாம். மூளையில் டோபமின் குறைவதால்தான் உடல் தடுமாறுகிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமினின் வேலையைச் செய்கின்றன. ஆனால் "இன்னும் வேணும்" என்ற ஆசையைத் தூண்டுவதிலும் டோபமினுக்குப் பங்கு உண்டு. அமெரிக்கா, கனடாவில் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்குச் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, அளவில்லாமல் சாப்பிடுவது, கட்டுக்கடங்காத பாலுணர்வு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் அது சுமார் 7 சதவீதம்தான்.

"அப்போ எதைச் செஞ்சாலும் மருந்து மேல போட்டுடலாமா?" நியாயமான கேள்வி. போனது பெரியம்மாவின் சாப்பாட்டுப் பணமும்தான். நான் நினைப்பது இது: மருந்து தூண்டிய ஆசைக்காக ஒருவரைக் கெட்டவர் என்று பழிப்பது நியாயமில்லை. ஆனால் காரணம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது அவருக்கும் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. டாக்டர் விளக்கிய அன்றே பெரியப்பா பேங்க் கார்டை மகளிடம் கொடுத்து, "நான் கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காதேம்மா" என்றார். அடக்கம் என்றால் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது மட்டுமா? தன்னால் முடியாத நேரத்துக்கு முன்கூட்டியே துணை தேடுவதும் அடக்கம்தான்.

டாக்டர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார். நம்பர் ஆசை விட்டது. நடுக்கம் கொஞ்சம் கூடியது. பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டார்.

நண்பர்களே, உங்க வீட்டுல இந்த நோய் உள்ளவர் இருந்தா, நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்துறதும் ஆபத்து. புதுசா ஏதாவது பழக்கம் வந்திருக்கான்னு தனியா, மரியாதையா கேளுங்க. வெட்கத்தில் மறைப்பவர்கள் அதிகம். திட்டு விழாதுன்னு தெரிஞ்சாதான் வாயைத் திறப்பாங்க.