எல்லாருக்கும் புடிச்ச மனுசன்

செத்துப்போன மனிதர் யாருக்குச் சொந்தம் என்று துட்டி வீட்டு வாசலில் நின்று கேட்டால் உதைதான் கிடைக்கும். கேட்க வேண்டிய அவசியமும் அங்கே இல்லை, சடங்கே பதில் சொல்லிவிடுகிறது. நீர்மாலை எடுக்க மகன்மார், மருமகன்மார். கோடி போடப் பிறந்த வீடு, சம்பந்தி வீடு. வாய்க்கரிசி போடப் பங்காளிகள். கொள்ளி வைக்க மகன். தெக்கத்தி மாவட்டங்களில் தலித் சாதிகளுக்குள்ளும் கொஞ்சம் முன்பின்னாக இதே வரிசைதான். இந்த வரிசையில் சிநேகிதனுக்கு என்று ஒரு செம்புத் தண்ணீர்கூட ஒதுக்கப்படவில்லை. முப்பது வருசம் கூடவே உழைத்தவன் மாலையைப் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய் பீடி பற்றவைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்ணாக இருந்தால் அதுவும் இல்லை. சுடுகாட்டுக்கும் போக முடியாது, தெருமுனையிலும் நிற்க முடியாது. சரி, அழலாம் என்றால் ஒப்பாரிக்கு ஒரு முறைப்பெயர் வேண்டும். அப்பன் உண்டு, அண்ணன் உண்டு, மாமன் மச்சான் உண்டு. தோழர் என்று சொல்லி ஒப்பாரி வைத்து நான் கேட்டதில்லை.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்திருந்ததாகச் சொல்வார்கள். கயிற்றை விட்டால் அக்கா தாலி போய்விடும், அதனால் விடமாட்டான் என்ற கணக்கு. 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு இல்லை. சங்கு எடுக்கிறார்கள், அந்தச் சங்கில் கொஞ்சம் துட்டி வீடுகளிலும் ஊதப்படுகிறது. கயிறும் மச்சானும் கடலுக்குள் போன பரதவர்களின் கதை. கரையில் நின்ற நம் ஆட்களின் கதை வேறு. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் போகிற தோணிகளில் சரக்கு ஏற்றிய லோடுமேன்களுக்கும், உப்பளத்தில் உப்பு வாரித் தலையில் சுமந்த பெண்களுக்கும் எந்த மச்சானும் கயிறு பிடிக்கவில்லை. மூட்டையின் மறுமுனையைப் பிடிக்கிறவன் யாரோ ஒரு ஊர்க்காரன். அவன் கை நழுவினால் இவன் இடுப்பு போச்சு. உயிரை அப்படி ஒருவர் கையில் ஒருவர் கொடுத்து வைத்திருந்தவர்களுக்குச் சாவுச் சடங்கில் இடம் இல்லை என்பது சின்ன விசயம் இல்லை.

இதை எழுத வைத்தது 2024-இல் இறந்துபோன எங்கள் அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம், அவர் குடும்பம் இங்கேதான் இருக்கிறது. பழைய துறைமுகத்தில் லோடுமேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன அறையில் கூடிப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் வாசித்துப் பேசுகிற எங்கள் கூட்டத்தில் முதல் ஆள். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை, ஆனால் மற்றவர் வாசிக்கும்போது குறுக்கே விழுந்து கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சர்க்கரை வியாதியில் கால் போய், பிறகு ஆளும் போய்விட்டார். வெட்டுப்பட்டுச் சாகவில்லை, துப்பாக்கிச் சூட்டில் சாகவில்லை. ஆசுபத்திரிக் கட்டிலில் செத்தார்.

இப்படிச் சாகிறவர்களுக்கு நம்மிடம் மொழி இல்லை. கொல்லப்பட்டவனை எப்படி வழியனுப்புவது என்று நமக்குத் தெரியும். 1957 செப்டம்பர் 11-இல் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனுக்குப் பரமக்குடியில் அஞ்சலி செலுத்த ஆண்டுதோறும் வேன் பிடித்துப் போகிறோம். 2011-இல் அதே நாளில் அங்கே போலீஸ் சுட்டு நம் ஆட்கள் செத்தார்கள், அதற்குப் பிறகும் போகிறோம். முழக்கம் இருக்கிறது, கொடி இருக்கிறது, தியாகி என்ற சொல் இருக்கிறது. படுத்துச் செத்தவரைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அண்ணன் விசயத்தில் விடவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு வைத்தோம். படத்திறப்பு சுயமரியாதை இயக்கத்துக்காரர்கள் நமக்குத் தந்துவிட்டுப் போன நல்ல பழக்கம். ஐயர் வேண்டாம், திதி வேண்டாம். படத்தைத் திறந்து வைத்து ஆளாளுக்குப் பேச வேண்டியது. முறை கேட்காத ஒரே சாவுச் சடங்கு இதுதான். பெண்களும் பேசலாம், வேற்றுச் சாதிக்காரரும் பேசலாம்.

வந்தார்கள். துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள், சாதி இந்துத் தோழர்கள் பலரும் வந்தார்கள். (அடக்கத்தன்று இவர்களில் பாதிப்பேர் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. மெயின் ரோட்டில் நின்று, வண்டி வரும்போது மாலை போட்டார்கள். தெரு குறுகல், கூட்டம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள். தெரு குறுகல்தான்.) மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். எல்லாருக்கும் புடிச்ச மனுசன். யார் மனசும் நோகப் பேசமாட்டாரு. யார்கிட்டயும் சண்டைக்குப் போகமாட்டாரு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முட்டளவு காலை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கம்போடு நின்று ஆட்களுக்கு வழி சொல்லி, கயிறு கட்டி, ஒரு தெருவையே வெளியே கொண்டுவந்தார் என்று ஒருவர் சொன்னார். அது உண்மை. "சாதி பார்க்காம காப்பாத்துனாரு" என்று முடித்தார்.

அந்த இடத்தில் எனக்கு உறுத்தியது. சாதி பார்க்காமல் இருந்தது என்று பாராட்ட வேண்டியது அவரையா? பார்க்கிற வசதி அவருக்கு எப்போது இருந்தது? அன்றைக்கு ஒரு நாள் சாதி பார்க்காமல் இருந்தவர்கள், அவர் கையைப் பிடித்து வெளியே வந்தவர்கள்தானே. பாராட்டு யாருக்குச் சேர வேண்டுமோ, அதை அவர் தலையில் வைத்துக் கட்டி அனுப்புகிறார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா எழுந்துவிட்டார். எங்கள் கூட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்து வருகிறவர். "நான் ஒண்ணு கேக்கேன். அவரு சண்டையே போடமாட்டாருன்னு எல்லாரும் சொல்லுதிய. நீங்க எந்த ஆளப் பத்திப் பேசுதிய?" என்றார். பிறகு வரிசையாகச் சொன்னார். வேலை செய்த இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தனி கிளாஸ் வைத்திருந்தபோது, அந்தக் கிளாஸை எடுத்து ரோட்டில் போட்டு உடைத்தது அவர்தான். 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது, 'அவங்களும் சும்மா இருந்திருக்க மாட்டாங்க' என்று சொன்ன ஒரு தொழிற்சங்கத் தோழரிடம் அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை அவர். அவர் குடித்தார், குடித்துவிட்டுப் பெண்டாட்டியிடமும் சண்டை போட்டார், அதைக் கேட்டு அந்த அக்கா அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார், அதையும் சொன்னார். கூட்டம் நெளிந்தது. பேசப்படாத அந்தத் தோழர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சற்று முன்புதான் அவரும் எல்லாருக்கும் புடிச்ச மனுசன் என்று பேசி முடித்திருந்தார்.

ஒரு தலித்தை எல்லாருக்கும் பிடித்திருந்தது என்றால் என்ன அர்த்தம்? இந்தச் சமூகத்தில் அது சாதாரணமாக நடக்கக்கூடிய காரியமா? ஆதிக்க சாதிக்காரர் ஒருவர் கோபக்காரர் என்றால் 'மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டாரு' என்று அதையே ஒரு குணமாகப் பேசுவார்கள். நம் ஆளின் கோபத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நம் ஆளைப் பாராட்ட வேண்டும் என்றால் முதலில் அவன் கோபத்தை உருவி எடுத்துவிட வேண்டும். அடக்கமானவர், பண்பானவர், சிரித்த முகம் என்பார்கள். அவர் சிரித்த முகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எதைப் பார்த்துச் சிரித்தார், எதைப் பார்த்து முகத்தைத் திருப்பினார் என்பது சேர்ந்ததுதான் ஆள்.

பெரிய மனிதர்களுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. இந்தத் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சி. பெயரை வைத்தார்கள். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் இறந்தவர் அவர். வீட்டில் அல்ல, தன் விருப்பப்படி காங்கிரஸ் அலுவலகத்தில்தான் உயிர் விட்டார் என்று பரவலாகச் சொல்லப்பட்டு வருகிறது. உறவுக்காரர்களுக்கு நடுவில் அல்ல, தோழர்களுக்கு நடுவில் சாக வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கக்கூடும் என்று ஊர் நம்புவதே பெரிய விசயம். ஆனால் விழா மேடைகளில் கப்பலும் செக்கும்தான் வருகின்றன. இராமையா தேசிகர் என்ற பார்வையற்ற தாழ்த்தப்பட்ட துறவியைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டதற்காகச் சொந்தச் சாதிக்காரர்களின் எதிர்ப்பை அவர் தாங்கினாரே, அது எத்தனை மேடைகளில் வருகிறது? வெள்ளைக்காரனோடு போட்ட சண்டையை வைத்துக்கொண்டார்கள், சொந்தச் சாதியோடு போட்ட சண்டையைப் புதைத்துவிட்டார்கள். இன்று அவரையே சாதித் தலைவராக்கி மாலை போடுகிறவர்களுக்கு அந்தச் சண்டை இடைஞ்சல்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழியனுப்புதலும் நம் வரலாற்றில் உண்டு. 1956 டிசம்பர் 6-இல் டெல்லியில் பாபாசாகேப் இறந்தார். உடல் பம்பாய்க்கு விமானத்தில் வந்தது. மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டு. அதே டிசம்பரில் பம்பாயில் ஒரு பெரிய மதமாற்ற நிகழ்ச்சி நடத்துவதாக அவர் இருந்தார். நடத்த ஆள் இல்லை. கூடியிருந்த திரள் என்ன செய்தது? சிதைக்கு முன்னாலேயே, பதந்த் ஆனந்த் கௌசல்யாயன் தீட்சை சொல்ல, ஏராளமானோர் பௌத்தம் தழுவினார்கள். அழுதுகொண்டே தழுவினார்கள். அவர்களில் யாருக்கும் அவர் மாமனோ மச்சானோ இல்லை. இந்து மதத்தோடு அவர் போட்ட சண்டையை, உடல் சாம்பலாவதற்குள் தாங்கள் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவர் படத்துக்கு மாலை போடாத கட்சி இல்லை என்று ஆனது. அந்த மாலைகளையும் 1956 டிசம்பர் 7-ஐயும் ஒரே மரியாதை என்று நினைத்தால் நம்மைப் போல் ஏமாளி கிடையாது.

சுடுகாட்டுக்குப் பாதையே இல்லாதவனுக்கு இரங்கல் பேச்சைப் பற்றி என்ன தத்துவம் வேண்டிக் கிடக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 ஜனவரியில், அன்றைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டசேரியில், ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்லலாம் என்று உயர் நீதிமன்றமே சொன்னது. போலீஸ் என்ன செய்தது? உறவினரை அப்புறப்படுத்திவிட்டுத் தானே உடலை வேறு வழியில் எடுத்துப்போய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வழி மறிக்கப்பட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள் நம் ஆட்கள். எங்கள் ஊரிலேயே, 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் கொல்லப்பட்டபோது, உடலை வாங்க மாட்டோம், ஆலையை மூடு என்று குடும்பங்கள் நின்றன. பெற்ற பிள்ளையின் உடலைக் கடைசி மனுவாக வைத்துக்கொண்டு, வழியனுப்புவதையே தள்ளிப்போட்டு உட்காருவது எவ்வளவு கொடுமை.

இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். பாதையை மறிப்பதும் கோபத்தை உருவுவதும் ஒரே கை செய்கிற வேலை. முன்னது பிணத்தை ஒதுக்குகிறது, பின்னது ஆளை ஒதுக்குகிறது. முன்னதை எதிர்த்து வழக்குப் போடலாம். பின்னதை அன்பு என்ற பெயரில் செய்கிறார்கள், எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இதில் எனக்கே தெளிவாகாத முடிச்சு ஒன்று உண்டு. படத்திறப்புக்கு முந்திய நாள் அண்ணனின் மகன் என்னிடம் வந்தான். "சித்தப்பா, நாளைக்கு அப்பாவப் பத்தி நல்லதாப் பேசச் சொல்லுங்க. சண்டை கிண்டைன்னு எதுவும் வேண்டாம். தங்கச்சிக்கு இப்பத்தான் ஒரு எடம் பேசிட்டு இருக்கோம்" என்றான். (சிநேகிதனுக்கு முறை கொடுக்கத் தமிழுக்குத் தெரியும், சடங்குக்குத்தான் தெரியாது.) அவன் கேட்டதில் தப்பில்லை. உயிரோடு இருப்பவளின் வாழ்க்கை அது. செத்தவரின் உண்மைக்காக அவளை ஏன் பலி கொடுக்க வேண்டும்? அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ளைக்கு அப்பன் கிளாஸ உடச்ச கதைய அவருதான் சொல்லிருப்பாருன்னு நெனைக்கியா? வீட்டுல அதெல்லாம் பேசமாட்டாரு. நாமளும் சொல்லலன்னா யார் சொல்லுவா?" என்றார்.

உடல்மீது உரிமை உறவுக்கு. அதில் நமக்குப் பங்கு கேட்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் வீட்டுக்கு வெளியே போட்ட சண்டைகளைக் கூட நின்று பார்த்தவர்கள் தோழர்கள்தான். அவற்றுக்கு வேறு சாட்சி கிடையாது. அதை மைக்கில் சொல்ல வேண்டுமா, நாலு பேருக்குள் சொல்ல வேண்டுமா என்பதில் குடும்பத்தின் சொல்லை மதிக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. குடித்ததையும் அடித்ததையும் அவர் மனைவி முன்னால் சொல்லலாமா என்பதை அந்த மனைவியிடம்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் சொல்லாமலே விடுவதற்கு யாரும் நமக்கு அனுமதி தர முடியாது.

தங்கச்சிக்குப் பேசிய இடம் முடிந்துவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. இனி வரப்போகிற நினைவு நாளுக்கு ஒட்டும் போஸ்டரில் 'அனைவரின் அன்புக்குரிய' என்று போடுவதா வேண்டாமா என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு வாரமாகத் தகராறு. போடக் கூடாது என்பது என் கட்சி. மகன் போட வேண்டும் என்கிறான். அந்த அக்கா, 'அனைவரின்' என்பதை மட்டும் அடிச்சிரு என்கிறார்.