முட்டுகிற மாடும் பழைய லோடரும்



ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நிற்கிற நான் திங்கள் முதல் சனி வரை கிரீஸ் கையோடு கிரஷர்களில் திரிகிற மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் நான் எழுதுவது பிரசங்கம் அல்ல, ஒரு கேள்வி. பழுதான யந்திரம் ஒன்று மாதக்கணக்கில் ஓடியும் விபத்து நடக்கவில்லை என்றால், அதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா, வெட்கப்படுவதா?

2018-ல் திருவக்கரை பக்கம் கிரஷர் நடத்தி வந்த நம் சகோதரர் ஒருவர் பழைய வீல் லோடர் ஒன்று வாங்கினார். பேலோடர் என்பார்களே, அதுதான். வெறும் வண்டியே பத்து டன் இருக்கும். ஒரு பக்கெட் ஜல்லி அள்ளினால் இன்னும் இரண்டரை டன். பார்த்த அன்றைக்கே முன் வீல் ஒன்றில் பிரேக் ஆயில் ஒழுகியது. "அண்ணே, நாலு காலிப்பரையும் கழற்றிப் பார்க்கணும், மூணு நாள் ஆகும்" என்றேன்.

"சீசன் நேரம் பாஸ்டர். அந்த ஒரு வீலை மட்டும் அடைச்சு விடுங்க. மிச்சம் மூணு இருக்குல்ல? கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார்.

நான் அடைத்தேன். பைப்பைக் கழற்றி, டம்மி போட்டு இறுக்கினேன். ஐந்நூறு ரூபாய் வாங்கினேன். அதோடு விட்டேனா? வண்டிக்கு ஜெபம் பண்ணச் சொன்னார். பானெட் மேல் கை வைத்து, பாதுகாப்புக்காக ஜெபமும் பண்ணினேன்.

எட்டு மாதம் போனது. 2019-ல் ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் எழுந்து, "பழைய வண்டிதான், ஆனா ஒரு சேதமும் வராம தேவன் காத்தார்" என்றார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. என் சத்தம்தான் எல்லாரையும்விடப் பெரிதாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அந்த லோடரை ஓட்டுகிற தம்பி வந்து ஓரமாய் நின்றான். "பாஸ்டர், யார்கிட்டயும் சொல்லாதீங்க. பிரேக் சுத்தமா நிக்கல. பக்கெட்டைத் தரையில இறக்கித்தான் நிப்பாட்டுறேன். போன மாசம் சரிவுல ரிவர்ஸ் வரும்போது அதுவும் கேக்கல. லாரி நிழல்ல கிளீனர் பையன் படுத்திருந்தான். ஒரு முழம் இருக்கும். அதுக்கு முன்னாடி நின்னுடுச்சு."

ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேற ஆள் வெச்சுக்குவாரு."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது நான் சீக்கிரமாய்த் தாண்டிப்போன அதிகாரம் அது. ஒருவனுடைய மாடு முட்டி ஆள் செத்தால், அது முட்டும் என்று முன்பே தெரியாத பட்சத்தில் மாடு மட்டும் சாகும். சொந்தக்காரன் மேல் குற்றமில்லை. அது முட்டுகிற மாடு என்று அவனுக்கு அறிவித்தும் அவன் கட்டி வைக்காமற்போனால் அவனும் குற்றவாளி. அவன் மாட்டை ஏவிவிட்டானா என்று நியாயப்பிரமாணம் கேட்கவில்லை. தெரியுமா, தெரியாதா என்றுதான் கேட்கிறது.

அறிவித்தவன் நான்தானே, அப்படியானால் நான் தப்பினேனா? எசேக்கியேல் 33-ல் எக்காளம் ஊதின காவற்காரனை நினைத்துக் கொஞ்ச நேரம் ஆறுதல்பட்டேன். ஆனால் அந்தக் காவற்காரன் எக்காளம் ஊதிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு வாசல் கதவை ஒருக்களித்துத் திறந்து வைக்கவில்லை. டம்மி போட்டது என் கை. அதே கையை வைத்துத்தான் ஜெபமும் பண்ணினேன். "கர்த்தர் பார்த்துக்குவார்" என்றால் விசுவாசம் என்றே நானும் நினைத்தேன். நம் ஆண்டவரை தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்திக் குதிக்கச் சொன்னபோது அவர் குதிக்கவில்லை. தாங்குவதற்குத் தூதர்கள் இல்லாததினாலா? எங்கள் லோடரோ எட்டு மாதம் தினமும் குதித்துக்கொண்டிருந்தது. அதுவும் நானோ முதலாளியோ குதிக்கவில்லை; அந்தத் தம்பியையும், பெயர் தெரியாத ஒரு பையனையும் குதிக்க வைத்தோம்.

மறுநாள் ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். "முழுசாப் பண்ணினாத்தான் இனி இந்த வண்டியைத் தொடுவேன். ஜெபமும் அப்புறம்தான்" என்றேன். தம்பியின் பெயரை எடுக்கவில்லை. அவருக்குக் கோபம். "பாஸ்டர் எனக்கே பாடம் நடத்துறீங்களா?" என்றார். இரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பினார்.

பக்கெட்டைத் தரையில் இறக்கி, நாலு டயருக்கும் கல் வைத்தோம். ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்தால் பால் மாதிரி தண்ணீரும் ஆயிலும் கொட்டியது. தினமும் திறந்துவிட வேண்டியதை யாரும் தொட்டதே இல்லை. இந்த வண்டியில் காற்று தள்ள, அந்தத் தள்ளலை பூஸ்டர் ஆயில் அழுத்தமாக மாற்றி வீலுக்கு அனுப்பும். காற்று பக்கம் தண்ணீர், ஆயில் பக்கம் அதைவிட மோசம். யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதிலாக ஹைட்ராலிக் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். ரப்பர் சீலெல்லாம் ஊறி உப்பிப்போயிருந்தன. இரண்டு பிஸ்டன்களில் துரு அரித்துக் குழி. ஒரு வீலின் பேட் ஹப் ஆயிலில் ஊறிக் கிடந்தது. அதைக் கழுவிப் போட்டாலும் பிடிக்காது, தூக்கி எறிந்தேன். நாங்கள் நம்பின "மிச்சம் மூணு வீல்" இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு காரியம் சொல்ல வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். சரிவில் லோடோடு திரும்பத் திரும்ப மிதித்தால் வீல் பக்கம் சூடு ஏறி, ஆயில் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. காலையில் சமதரையில் நன்றாகப் பிடித்த அதே பிரேக்தான் இது. மூன்று தடவை பம்ப் பண்ணினால் நாலாவது தடவை பிடிக்கும் வண்டிகளும் உண்டு. அதையும் நாம் பிரேக் இருக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

சீல் கிட் மாற்றி, பிஸ்டன் மாற்றி, லைனைக் கழுவி, டம்மியை எடுத்துப் பைப்பை மாட்டினேன். காற்று எடுக்கத் தம்பியைப் பெடலில் உட்கார வைத்தேன். "அமுக்கு. பிடிச்சுக்கோ. விடு." ஒவ்வொரு வீலிலும் குமிழி நிற்கும்வரை. மத்தியானம் தாண்டியது. ஏர் ஏழு கிலோ ஏறினபின் முதலில் வெறும் வண்டி, பிறகு முழு பக்கெட்டோடு சரிவில். முதல் மிதியிலேயே நின்றது. தம்பி இறங்கி வந்து ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடித்தான்.

முதலாளி சகோதரர் ஸ்பேர் பணம் கொடுத்தார். மூன்று நாள் வண்டி நின்றதற்குத் தம்பியின் சம்பளத்தை முதலில் பிடித்தார், பேசினபின் கொடுத்தார். இரண்டு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. இப்போது வருகிறார், கடைசி பெஞ்சில் உட்காருகிறார். அவர் சொன்ன சாட்சி பொய் என்று நான் சொல்லமாட்டேன். தேவன் காத்தது உண்மை. ஆனால் அந்தச் சாட்சியைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் இருந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அந்தக் கிளீனர் பையன் சொல்லியிருக்கலாம்.

அவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க ஒரு சனிக்கிழமை லாரி ஸ்டாண்டுக்குப் போனேன். அந்த லாரி வேறு லைனுக்குப் போய்விட்டதாம், பையனும் அதோடு போய்விட்டானாம். பெயர் கேட்டேன், ஸ்டாண்டில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.