சாவியோடு வந்த புகார்

போன மாதம் என் வங்கிக் கணக்கில் 118 ரூபாயைக் காணோம். இணையத்தில் புகார் பதிந்தேன். டிக்கெட் நம்பர் வந்தது. கூடவே, 'ஸ்டேட்மென்ட் இணைக்கவும்' என்று ஒரு வரி. எரிச்சலில் இருந்தேனா... ஆறு மாத ஸ்டேட்மென்ட்டையும் அப்படியே தூக்கிப் போட்டேன். இரண்டே நாளில் பணம் வந்துவிட்டது.

அன்று ராத்திரிதான் உறைத்தது. சந்தேகம் ஒரு வரியில். நான் கொடுத்ததோ என் சம்பளம், வீட்டுக் கடன், மருந்துக்கடை பில், அம்மாவுக்கு அனுப்பிய பணம், எல்லாம். யார் யார் பார்த்தார்களோ?

உங்களுக்கும் நடந்திருக்கும். வயிற்று வலிக்காரன் டாக்டரிடம் எதை மறைப்பான்? உதவி கேட்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். கொட்டியதற்கு யார் பொறுப்பு? கொட்டியவரா, வாங்கி வைத்தவரா?

ஆக்டா என்று ஓர் அமெரிக்க கம்பெனி. மற்ற கம்பெனி ஊழியர்கள் பத்திரமாக லாகின் செய்ய வழி செய்து கொடுப்பதுதான் அதன் தொழிலே. பூட்டு வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோளாறு என்று புகார் செய்தால், பிரவுசரில் நடந்ததைப் பதிவு செய்த ஃபைலைக் கேட்பார்கள். 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று சொல்லும் டோக்கனும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது கிடைத்தால் பாஸ்வேர்டே வேண்டாம்.

2023 செப்டம்பர் கடைசியில் அந்தப் புகார்ப் பெட்டிக்குள் யாரோ புகுந்தார்கள். 134 வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் அகப்பட்டன. அதில் ஐந்து வாடிக்கையாளர்களின் லாகினையே கைப்பற்றிவிட்டார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை சார். ரிப்பேருக்கு வந்த பூட்டோடு சாவியும் வந்திருந்தது, அவ்வளவுதான்.

எப்படி நடந்தது? ஓர் ஊழியர் ஆபீஸ் லேப்டாப்பில் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்திருந்தார். பெட்டிக்குள் போகும் பாஸ்வேர்டு அதில் சேமிப்பாகியிருந்தது. அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்றது கம்பெனி.

அப்போ தப்பு அந்த ஊழியர் மேல்தானே என்பீர்கள். நான் பி.காம். படித்தவன். அங்கே சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: கல்லாப்பெட்டிச் சாவியையும் கணக்கு நோட்டையும் ஒரே ஆளிடம் கொடுக்காதே. அவன் திருடன் என்பதால் அல்ல. நல்லவனுக்கும் ஒருநாள் கை தவறும் என்பதால். ஒரே பாஸ்வேர்டு இத்தனை பேர் ஃபைலைத் திறக்கும்படி விட்டது யார்? டோக்கனை நீக்கிவிட்டு ஃபைலை அனுப்புங்கள் என்று கம்பெனி ஊரறியச் சொன்னது, எல்லாம் நடந்த பிறகு!

என்னைக் கேட்டால், அவசரத்தில் இருப்பவனிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உதவுகிறவர்தான் நிதானமாக இருக்க வேண்டும். தேவையானதை மட்டும் கேட்கணும். அந்த டிக்கெட்டைக் கவனிப்பவர் மட்டும் பார்க்கணும். வேலை முடிந்ததும் அழிக்கணும். ஒருவருக்கு உதவுவதில் பாதி, பார்க்க வேண்டாததைப் பார்க்காமல் இருப்பது.

மறுநாள் எழுதிக் கேட்டேன்: 'என் ஸ்டேட்மென்ட்டை அழித்துவிட்டீர்களா?'

பதில் வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டு, டிக்கெட் மூடப்பட்டது. நன்றி.'

அடுத்த முறை அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பப் போகிறேன். நீங்கள்?