பறந்து வர இயலாத புறா

தஞ்சம் என்று வந்தவரைக் கைவிடக் கூடாது என்பதில் சமயங்களுக்குள் பேதமில்லை. சிபிச் சக்கரவர்த்தி ஒரு புறாவைக் காக்கத் தன் தசையை அறுத்துக் கொடுத்தது அதற்காகத்தான். ஆனால் அந்தக் கதையில் புறா அவனிடம் பறந்து வந்துவிடுகிறது. வந்து சேரவே வழியில்லாத உயிருக்கு நாம் கடமைப்பட்டவர்களா என்ற கேள்வியைக் கொரோனா ஊரடங்கு எழுப்பியது. கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் வழியை அடைத்தவர்கள் நாம்.

2020 மார்ச் 14 அன்று ஸ்பெயின் அவசரநிலை அறிவித்தது. அடித்துத் துன்புறுத்தும் கணவனோடு பெண்கள் ஒரே வீட்டில் அடைபட்டார்கள். உதவி எண் இருந்தது. அவன் காதில் விழாமல் பேசத்தான் இடமில்லை. அந்நாட்டின் கனரித் தீவுகளில் சமத்துவ நிறுவனமும் மருந்தாளுநர் சங்கங்களும் சேர்ந்து, ஊரடங்கிலும் திறந்திருந்த மருந்துக் கடைகளைத் துணைக்கு அழைத்தன. ஒரு பெண் கடைக்கு வந்து ‘மாஸ்க் 19’ என்று கேட்டால் போதும். கடைக்காரர் அவள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு அவசர உதவி எண்ணான 112க்குத் தகவல் சொல்வார். கணவன் பக்கத்தில் நின்றாலும் அது சாமான் வாங்கும் பேச்சாகவே கேட்கும். இந்தியாவில் தேசிய மகளிர் ஆணையம் அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று புகார்களுக்கு வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்கே ஒரு செல்போன், அதுவும் கணவன் சட்டைப்பையில் என்றிருக்கும் குடும்பங்களை அது எட்டாது.

ஊரடங்கு உயிர்காக்கப் போட்டது, அதில் யார் யாருக்குக் கடன்பட்டார் என்று கேட்கலாம். உத்தரவு சரியானதே. ஆனாலும் ஊர் நலத்துக்காக ஒருத்தி தப்பும் வழி அடைபட்டால், அந்த நலத்தை அனுபவித்த ஊர் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காப்பகத்தில் சேர்த்தால் தொற்று பரவுமே என்ற அச்சமும் நியாயமானது; பிரான்ஸ் ஓட்டல் அறைகளுக்குப் பணம் ஒதுக்கி அதைச் சமாளித்தது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கேளாமல் போய் நிற்பது அவள் விருப்பத்தை மீறுவதாகாதா? வீட்டை விட்டு எப்போது வெளியேறுவது என்பது அவள் எடுக்க வேண்டிய முடிவு. பிறர் அவசரப்பட்டால் அடி விழுவது அவள்மேல்தான். மருந்துக் கடை ஏற்பாட்டின் சிறப்பே இங்குதான் இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்பது அவளிடமே இருந்தது. நடக்க வேண்டிய தூரத்தை மட்டும் மற்றவர்கள் குறைத்தார்கள்.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் காப்பகம் இடம் தர வேண்டும் என்கிறது. அந்த அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தவர்மேல் எந்தப் பொறுப்பும் விழாது என்கிறது 4ஆம் பிரிவு. அலுவலர் அவளைத் தனியாகப் பார்த்து, சம்மதம் கேட்ட பிறகே மேற்கொண்டு நடக்கட்டும். அவரை அங்கே வரவழைப்பது, அலறலைக் கேட்ட பக்கத்து வீட்டாரின் வேலை.